முகூர்த்தம் வரைக்குமாவது கூட்டணி

கோபம் வந்தால் மற்றவர்களுக்கு மரியாதை குறையும். என் பக்கத்துக் கடைக்காரருக்கு அது கூடும். ஒருமுறை லாரி ஒன்று பின்னால் வந்து அவர் கடைப் பலகையை நெளித்துவிட்டது. ஓட்டுநர் இறங்காமலேயே கிளம்பப் பார்த்தார். இவர் வண்டிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் கூப்பி, “உங்களையுங்க, கீழ எறக்கீங்க, நாலு சாத்துச் சாத்தோணுமுங்க” என்றார். திட்டு வாங்குகிறோமா, வாழ்த்து வாங்குகிறோமா என்றே ஓட்டுநருக்குப் புரியவில்லை. இறங்கி வந்து பலகையை அவரே நிமிர்த்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

தொண்ணூறுகளில் சிங்காநல்லூரில், பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள ஒரு வீதியில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். என் வலப்பக்கச் சுவரை ஒட்டி அவர் கடை, அதற்குப் பின்னாலேயே வீடு. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் செம்புக் கம்பியைச் சுற்றிப் புதிதாகக் காயில் கட்டித் தருவார். வந்து நின்றாலே வார்னிஷ் வாசனை அடிக்கும். எதிரே வீதியைத் தாண்டினால் அவருடைய மச்சானின் பேக்கரி. ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட மச்சான் இல்லை. மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். இந்த மூன்று கடைகளுக்கு நடுவில்தான் நான் சொல்லப்போவது முழுக்க நடந்தது.

அவர் ஒரு கட்சி. மச்சான் இன்னொரு கட்சி. பெயரெல்லாம் எதற்கு? சொன்னால் இன்றைக்கும் யாராவது என்னோடு மல்லுக்கு வருவார்கள்.

கட்சி விசுவாசம் என்பார்களே, அதை நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். தலைமை ஒன்று சொல்லும், தொண்டர் முணுமுணுத்துக்கொண்டே செய்வார். இவர் அப்படி இல்லை. தலைமை சொன்னதை இவர் அப்படியே நம்பிவிடுவார். நேற்றுச் சாயந்தரம் வரைக்கும் ஒரு தலைவரைத் தமிழினத்துக்கே வந்த கேடு என்று என் பூத்தில் நின்று அரைமணி நேரம் விளக்கியிருப்பார். காலையில் கூட்டணி அறிவிப்பு வரும். மத்தியானம் அதே மனிதர் அதே இடத்தில் நின்று, “நாம அவரைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டமுங்க, அம்மணி. நெம்பப் பொறுமைசாலியுங்க” என்பார். முகத்தில் ஒரு வெட்கம், ஒரு நெளிவு இருக்க வேண்டுமே, கிடையாது. நான் கேலி செய்தால், “தலைமை அறிவிச்சிருச்சுங்களே” என்பார். மழை வந்தால் குடை பிடிக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்.

அவர் கடைச் சுவரில் தம் கட்சித் தலைவரின் பெரிய படம் நிரந்தரமாக மாட்டியிருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு ஆணி. அது கூட்டணித் தலைவருக்கு. நான் பூத் வைத்திருந்த காலத்தில் மட்டும் அந்த ஆணியில் எத்தனை முகங்கள் ஏறி இறங்கின! இறக்கிய படத்தை அவர் தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியைத் துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி, பரணில் வைப்பார். எதற்கு அண்ணா இவ்வளவு பக்குவம் என்று கேட்டேன். “மறுபடி வந்தா அவருக்கு மூஞ்சி ஒடஞ்சிருக்கக் கூடாதுங்களே” என்றார்.

இப்படி யாரோடும் ஒரே நாளில் சமாதானம் ஆகிவிடுகிற மனிதர், எதிர்க்கடை மச்சானோடு மட்டும் பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார். அதற்கும் காரணம் தலைமைதான்.

நான் அந்த வீதிக்கு வருவதற்கு முன்னால் நடந்தது அது. ஏதோ ஒரு தேர்தலில் இவர் கட்சி மண்ணைக் கவ்வியது. மச்சான் பேக்கரி வாசலில் பட்டாசுச் சரம் கொளுத்தினார். இவர் போய், “போதுமுங்க மச்சான், பொகை கடைக்குள்ள வருதுங்க” என்றார். மச்சானுக்கு வெற்றி மப்பு. இன்னொரு சரத்தை எடுத்து இவர் வாசலிலேயே கொளுத்திவிட்டார். அதுகூடப் பெரிய விஷயமில்லை; மறுவாரம் ஆறிப்போயிருக்கும். ஆனால் அந்த மறுவாரம் பார்த்து இவர் கட்சித் தலைவர் கோயமுத்தூரில் ஒரு கூட்டம் போட்டார். “இனி அந்தக் கட்சிக்காரர்களோடு நமக்கு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது” என்று மேடையில் முழங்கினார். கூட்டம் கை தட்டியது, விசிலடித்தது, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று தூங்கியது. இவர் ஒருவர் மட்டும் வீட்டுக்கு வந்து அதைக் கடைப்பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

பேசுவதில்லை என்றால் முறைப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று நினைக்காதீர்கள். அதெல்லாம் மரியாதைக் குறைவு. மச்சானின் பால் வண்டி இவர் வாசலை மறித்து நின்றால், கடையிலிருந்து இறங்கி என் பூத்துக்கு வருவார். “அம்மணி, எதுத்தாப்புல இருக்கறவருகிட்டச் சொல்லுங்க, வண்டியைச் சித்த அக்கட்டால தள்ளி நிறுத்தச் சொல்லி” என்பார். எதுத்தாப்பில் இருக்கிறவர் அங்கேயே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். “தள்ளி நிறுத்திப்போடறமுன்னு சொல்லுங்க அம்மணி” என்பார் அவர். நான் வாயே திறக்க மாட்டேன். வண்டி நகர்ந்துவிடும். நன்றியும் என் வழியாகவே போகும். தொலைபேசி லைனுக்காவது எனக்குக் காசு வந்தது. இந்த லைனுக்கு வாரத்துக்கு ஒரு தேங்காய் பன் கூடக் கிடைத்ததில்லை.

இதில் உண்மையாக நொந்து கிடந்தவர் அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். பேசாதே என்று அவர் அக்காவைத் தடுத்ததே இல்லை. “உன்ற அண்ணன், நீ போய்ட்டு வா” என்றுதான் சொல்வார். அக்காதான் போக மாட்டார். என் வீட்டு வாசலை மிதிக்காத அண்ணன் கடையில் போய் நான் மட்டும் நின்று டீ குடித்துவிட்டு வருவதா என்பார். வீதியின் இந்தப் பக்கம் தங்கை வாசல் தெளிப்பார், அந்தப் பக்கம் அண்ணன் கண்ணாடி அலமாரியைத் துடைப்பார். இரண்டு பேரும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல மனிதர்கள் மூன்று பேர் சேர்ந்து இவ்வளவு முட்டாள்தனம் செய்ய முடியுமா என்று நினைப்பேன்.

அவர்கள் மகள் பட்டப்படிப்பு முடித்து ஒரு மில் ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து நல்ல சம்பந்தம் ஒன்று வந்தது. பையன் பம்ப் கம்பெனியில் வேலை, தங்கமான குடும்பம். பெண்ணுக்கும் பிடித்துப்போயிற்று. அக்காவின் ஒரே ஒரு நிபந்தனையில் எல்லாம் நின்றது. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டியவர் தாய்மாமன். மாமன் இல்லாதவர்களுக்குத்தான் வேறு ஆள். அக்கா ஒரே போடாகப் போட்டுவிட்டார்: “எங்கண்ணன் கல்லாட்டம் எதுக்க நிக்கையில இன்னொருத்தரு வந்து எம்புள்ளைக்குப் பட்டம் கட்டறதா? அப்படியொரு கல்யாணம் வேண்டாம்.”

இவருக்கு மகள் என்றால் உயிர். மச்சான் மேலும் உள்ளுக்குள் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும். ஒருமுறை மச்சானுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, கீழாநெல்லிக்கு எங்கே போகலாம் என்று என்னிடம் சொல்லி, என்னைச் சொல்ல வைத்தவர். ஆனால் அழைப்பு வைக்க மட்டும் கால் எழவில்லை. “நான் எப்படிங்க போறது? ஒட்டுமில்லை ஒறவுமில்லைன்னு சொன்னது சொன்னதுதானுங்களே. அதைய யாரும் வாபஸ் வாங்கலீங்களே” என்றார். அது மேடைப் பேச்சு அண்ணா, சொன்னவரே மறந்திருப்பார் என்றேன். அவர் மறந்தா நாமளும் மறக்கறதுங்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிசீவரால் ஒரு போடு போட்டிருப்பேன். பையன் வீட்டார் ஆடி வரை பார்க்கிறோம், அப்புறம் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்று தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் வேலைக்குப் போகும்போது என் பூத்தைப் பார்க்காமலே குனிந்து போக ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் அந்த அதிசயம் நடந்தது. இவர் கட்சியும் மச்சான் கட்சியும் கூட்டணி வைத்துக்கொண்டன.

மாவட்ட ஆபீசிலிருந்து என் பூத்துக்குத்தான் போன் வந்தது. இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு ஓடி வந்தார். கட்சி போன் என்றால் எப்போதும் அப்படித்தான். இடது கையில் ரிசீவரை வைத்துக்கொண்டு, “ஆகட்டுங்க அண்ணா, ஆகட்டுங்க” என்று கேட்டார். வைத்தார். கை கழுவினார். துண்டை உதறித் தோளில் போட்டார். பரணில் ஏறி, எந்தக் காலத்திலோ சுற்றி வைத்த மச்சான் கட்சித் தலைவரின் படத்தை எடுத்து, பேப்பரைப் பிரித்து ஆணியில் மாட்டினார். பிறகு நேராக வீதியைத் தாண்டினார்.

வீதி முழுக்க அப்படியே நின்று பார்த்தது. தையல் கடையில் மிஷின் சத்தம் நின்றுபோனது.

“ஏனுங்க மச்சான், தலைமை அறிவிச்சிருச்சுங்க. ஒரு டீ போடுங்க” என்றார்.

மச்சான் ஒரு டம்ளரை எடுத்துக் கழுவினார். பிறகு, “சக்கரை எத்தனை மாப்ள?” என்றார். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதுகூட அவருக்கு மறந்துபோயிருந்தது. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

நாடு இதை இவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தொகுதி எம்.பி. இவர் கட்சிக்காரர். நேற்று வரை மேடை போட்டுத் திட்டியவர்களோடு இன்றைக்குத் தோள் மேல் கை போட்டு நிற்க என்னால் ஆகாது என்று சொல்லிப் பதவியையே ராஜினாமா செய்துவிட்டார். இடைத்தேர்தல் அறிவித்தார்கள். ராஜினாமா செய்தவர் சுயேச்சையாக நின்றார். கூட்டணி ஒரு புது ஆளை நிறுத்தியது.

அக்காவுக்குத் தேர்தலைப் பற்றிக் கவலையே இல்லை. அது அறிவித்த அன்றைக்கு மத்தியானமே என் பூத்துக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, “ஏனம்மணி, நீ நாலு போன் பேச்சுக் கேக்கறவ. இந்தக் கூட்டணி எத்தனை நாளைக்குத் தாங்கும்?” என்றார். போனதெல்லாம் எப்படிப் போயிற்று என்று பார்த்தால், தேர்தல் முடிகிறவரை தாங்கும், தோற்றால் மறுநாளே சாயம் வெளுத்துவிடும் என்றேன். அக்கா தலையை ஆட்டினார். “அப்ப அதுக்குள்ள முகூர்த்தம் வெச்சுப்போடறேன்” என்று எழுந்து போனார்.

வைக்க முடிந்தால்தானே! இடைத்தேர்தல் என்றால் என்னவென்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாநிலத்தில் உள்ள அத்தனை மந்திரிகளும், முன்னாள் மந்திரிகளும், வட்டமும் மாவட்டமும் கோயமுத்தூரில் வந்து இறங்கிவிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபம் காலி இல்லை. சிங்காநல்லூர் மண்டபத்தில் தஞ்சாவூர்க்காரர்கள், ஒண்டிப்புதூர் மண்டபத்தில் திருநெல்வேலிக்காரர்கள், மணவறையில் கொடிக்கட்டு, சமையல் கட்டில் பிரியாணி. அக்கா மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கினார். வாக்கு எண்ணி முடிந்து எல்லாரும் ஊருக்குப் போன பிறகுதான் என்று ஒரே பதில். எண்ணிக்கை முடிந்த அடுத்த வாரத்தில் ஒரு முகூர்த்தம் கிடைத்தது. அதை விட்டால் ஆடி. வேறு வழியில்லாமல் அதையே குறித்தார்கள்.

ஆக, தேர்தல் முடிந்து ஒரு வாரமாவது கூட்டணி உயிரோடு இருந்தாக வேண்டும். எங்கள் வீதிப் பெண்களுக்கு அரசியலில் அவ்வளவு அக்கறை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காலையில் குழாயடியில் பேச்சே அதுதான். தொகுதி உடன்பாட்டில் ஏதோ வருத்தமாமே, அந்தத் தலைவர் இந்தத் தலைவரைப் பார்க்கப் போகவில்லையாமே என்று ஆளாளுக்குப் பதறினோம். அக்கா மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கூட்டணிக்கு ஒரு அர்ச்சனை என்றிருக்கிறார். யார் பேருக்கு என்று பூசாரி கேட்க, வீட்டுக்காரர் பேரையும் அண்ணன் பேரையும் நட்சத்திரத்தோடு கொடுத்துவிட்டு வந்தார்.

மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே ஜீப்பில் ஏறி ஓட்டுக் கேட்ட காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மச்சானுக்குக் கணீரென்ற குரல். மைக் அவர் கையில். எங்கள் வீதி முனையில் ஜீப் நின்றதும், வருஷக்கணக்கான பழக்கத்தில், “மக்கள் விரோதக் கட்சியை டெபாசிட் இழக்கச் செய்வீர்!” என்று மாப்பிள்ளையின் கட்சிப் பெயரை முழுதாகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் மாப்பிள்ளை கைகூப்பியபடி நிற்கிறார். ஜீப் டிரைவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். இவர் மைக்கை மெதுவாக வாங்கி, “எங்க மச்சான் எப்பவுமே தமாசுங்க. சின்னத்தை மறந்துபோடாதீங்க” என்றார். அடுத்த வீதியில் இவர் முறை. “உங்கள் பொன்னான வாக்குகளை” என்று ஆரம்பித்து, ராஜினாமா செய்த எம்.பி.யின் பெயரைச் சொல்லி முடித்தார். அப்புறம் இரண்டு பேரும் எழுதிவைத்துக்கொண்டுதான் பேசினார்களாம்.

அந்த எம்.பி.யே ஒருநாள் இவர் கடைக்கு வந்தார். இவருக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம். அவருக்காகப் போன தேர்தலில் தெருத் தெருவாக அலைந்தவர். எம்.பி.க்கும் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் புதிதாக ஏறியிருந்த படத்தைப் பார்த்தார்.

“நீங்களே என்ற பக்கம் இல்லீன்னா எப்படிங்க? நேத்து வரைக்கும் கண்டபடி திட்டிப்போட்டு, இன்னைக்கு அவுங்களோட எப்படிங்க ஒக்கார முடியும்?” என்றார்.

இவர் யோசித்தார். கிண்டல் துளியும் இல்லை, நிஜமாகவே யோசித்தார். “அதொண்ணும் கஷ்டமா இல்லீங்களே. நான் ஒக்காந்துட்டனுங்க” என்றார்.

எம்.பி.க்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கு ஓட்டுப் போட மாட்டனுங்க, ஆனா டீ குடிக்காம போகக் கூடாதுங்க என்று எதிர்க் கடையிலிருந்து டீயும் பப்ஸும் வரவழைத்துக் கொடுத்து, கார் வரை போய் வழியனுப்பினார். எம்.பி.யின் ரோஷத்தை நான் மதித்தேன். ஆனால் எங்கள் வீதிக்கு அப்போது ரோஷக்காரர்கள் தேவைப்படவில்லை; வெட்கமில்லாமல் ஒட்டிக்கொள்கிறவர்கள்தான் தேவைப்பட்டார்கள்.

வாக்கு எண்ணினார்கள். ரோஷக்காரர் ஜெயித்தார். கூட்டணி தோற்றது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பேப்பரில் ஒரு தலைவர் உள்குத்து என்றார். மறுநாள் இன்னொரு தலைவர் யார் குத்தியது என்பது நாட்டுக்குத் தெரியும் என்றார். இங்கே பேக்கரியில், கல்யாணத்துக்கு வரும் பையன் வீட்டாருக்கு மச்சான் மைசூர்பாகுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மண்டபத்தில் தஞ்சாவூர்க்காரர்கள் காலி செய்து போனதும் தரையைக் கழுவிவிட்டார்கள். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள்.

என் போன் அடித்தது. மாவட்டச் செயலாளரே பேசினார். கூட்டணி முறிந்தாயிற்று, காலைப் பேப்பரில் வந்துவிடும், இனி நம் ஆட்கள் யாரும் அவர்கள் ஆட்களோடு பொது இடத்தில் நிற்கக் கூடாது, பேச்சு வார்த்தை கூடாது என்று தலைமை சொல்லிவிட்டது என்றார். “அவரைக் கூப்பிடம்மணி, நானே சொல்லிப்போடறேன்” என்றார்.

நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தேன். அவர் கடை வாசலில் நின்று அழைப்பிதழ்களுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தார். பேப்பரை அவரும் படிக்கிறவர்தானே, புரிந்துவிட்டது. எதிரே பார்த்தார். மச்சான் ஏணி வைத்துப் பேக்கரி முகப்பில் சீரியல் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார், மருமகள் கல்யாணத்துக்காக. இத்தனை வருஷத்தில் கட்சி போன் என்றால் சோற்றுக் கையோடு ஓடி வந்த மனிதர் அங்கேயே நின்றார்.

“நான் ஊட்ல இல்லீங்க அம்மணி” என்றார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

நான் மாவட்டத்துக்குச் சொன்னேன், நெஞ்சு நிமிர்த்திச் சொன்னேன்: பத்திரிகை வைக்க அந்தியூர்ப் பக்கம் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது. பொய் சொன்னதற்கு எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை.

அதன்பிறகு அந்த மூன்று நாள் அவர் பட்ட பாடு இருக்கிறதே! வீட்டுக்குப் பேப்பர் வேண்டாம் என்றார். டீக்கடை ரேடியோவில் செய்தி வந்தால் எழுந்து போய்விடுவார். “ஏனுங்க, சேதி தெரியுமுங்களா” என்று யாராவது ஆரம்பித்தால், “கல்யாணம் முடியட்டுங்க, பொறகு பேசலாமுங்க” என்று கும்பிட்டுவிட்டு நடப்பார். சொல்லியே தீர வேண்டும் என்று வட்டக் கழகத்து ஆட்கள் இரண்டு பேர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்தார்கள். அக்கா அவர்களை வாசலிலேயே பிடித்து, உட்கார வைத்து, இலை போட்டு, சாப்பிட்டு முடித்ததும் மண்டபத்துக்குக் காய்கறி மூட்டை ஏற்றிவிட அனுப்பிவிட்டார். அறிவிப்பு கேட்காதவரைக்கும் அது அறிவிப்பு இல்லை என்று இவர் தமக்குள் ஒரு சட்டம் எழுதிக்கொண்டார் போல. மனச்சாட்சிக்குப் பயந்த மனிதருக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

இதில் வேடிக்கை, மச்சானுக்கும் அவர் கட்சியிலிருந்து என் பூத்துக்குப் போன் வந்தது. நான் வாசலுக்கு வந்து கூப்பிட்டேன். “மாவு பெசையறேன் அம்மணி, கை காலியில்லை” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அன்றைக்கும் பிசைந்தார், மறுநாளும் பிசைந்தார். இரண்டு பேருக்கும் தெரியும். மற்றவருக்குத் தெரியும் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். சாயந்தரம் ஒன்றாக நின்று வாழைமரம் எந்தப் பக்கம் கட்டுவது என்று பேசிக்கொண்டார்கள்.

முகூர்த்தக் காலை. மண்டபம் நிறைந்திருந்தது. பெண் அலங்காரம் முடிந்து தயாராக உட்கார்ந்திருந்தாள். அக்கா பட்டம் வைத்த தாம்பாளத்தோடு நின்றார். மச்சான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் கார்கள் வந்து நின்றன. மாவட்டச் செயலாளர்.

அழைப்பிதழில் வாழ்த்துரை என்று அவர் பெயரைப் போட்டது இவரேதான், கூட்டணி முறிவதற்கு முன்னால். கட்சி மேல் வைத்த பிரியம் அப்படி. செயலாளர் உள்ளே வந்தார், மச்சானைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது. இவரைக் கிட்டே கூப்பிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்; ஆனால் மேளம் நின்றிருந்த நேரம், முன் வரிசை முழுக்கக் கேட்டது.

“மூணு நாளா உங்களைப் புடிக்க முடியலீங்க. சேதி வந்துச்சா இல்லையா? அவுங்களோட பேச்சு வேண்டாமுன்னு தலைமை சொல்லியாச்சு.”

இனி எங்கே ஓடுவது? காதில் விழுந்துவிட்டது. இவர் கைகூப்பியபடி நின்றார். நேருக்கு நேர் பொய் சொல்ல வராத மனிதர். மச்சான் இரண்டடி தள்ளி அப்படியே நின்றுவிட்டார். அக்கா தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். போச்சு, மறுபடி பன்னிரண்டு வருஷம் என்று நினைத்தேன்.

“வந்துருச்சுங்க அண்ணா. இப்பத்தான் நீங்களே சொல்லிப்போட்டீங்களே” என்றார். “தலைமை சொன்னா சொன்னதுதானுங்க. இனிமே அவருகிட்டக் கட்சி விசயம் ஒரு வார்த்தை பேசமாட்டனுங்க.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். இவர் அங்கே நிறுத்தவில்லை. எதையோ இப்போதுதான் கண்டுபிடித்தவர் போல நிதானமாகச் சொன்னார்:

“மத்ததையெல்லாம் பேசிக்கறனுங்க.”

செயலாளர் என்ன சொல்வார்? உத்தரவை மீறினால் அல்லவா கண்டிக்கலாம். முழுசாகக் கேட்டுக்கொண்டு நிற்கிற மனிதரை என்ன செய்வது? அவருக்கும் பெண் பிள்ளை உண்டு. துண்டைச் சரிசெய்துகொண்டு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இவர் திரும்பினார். “மச்சான், நேரமாவுதுங்க, வாங்க. புள்ளை காத்துட்டிருக்குது” என்றார்.

மச்சான் வந்து மருமகளுக்குப் பட்டம் கட்டினார். கண்ணீர் மறைத்ததில் முடிச்சு எங்கேயோ விழுந்தது. அக்கா தேம்பித் தேம்பி அழுதார், நானும் அழுதேன், பக்கத்திலிருந்த தையல்கடைக்காரம்மாவும் அழுதார். இவர் மட்டும் மகளின் நெற்றியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மச்சான், எடப்பக்கம் சித்த சாஞ்சிருக்குதுங்க.”

“இருங்க மாப்ள, அவுத்து நல்லாக் கட்டிப்போடறேன்.”